வெள்ளி அரைஞாணும் பழைய வேட்டியும்

என் வீட்டுக்காரருடைய விரல்கள் கடைசி வரை நேராக இருந்தன. சடுகுடு ஆடிய மனிதர்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதற்கு நான்தான் காரணம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. வேறு யாராவது சொல்வார்கள் என்று இத்தனை வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கீழப்பாவூர். வாக்கப்பட்டது தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்தைய கதை இது. துணியை ரேஷனில் அளந்து கொடுக்கிற காலம் அப்போது வரவில்லை. பழைய வேட்டி எல்லார் வீட்டிலும் கிடக்கும். மாமனார் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொழு, அதற்குப் பின்னால் ஒரு பொட்டல். அந்தப் பொட்டலும் மாமனாருடையதுதான். உழுது போட்டால் கடலையோ கம்போ கேட்காமலே விளைகிற செம்மண். ஆனால் அதில் ஒன்றும் விளையவில்லை. சாயங்காலமானால் என் வீட்டுக்காரரும் அவருடைய செட்டுப் பையன்களும் அங்கே சடுகுடு ஆடினார்கள். செட்டுக்குத் தலைவர் அவர்.

பெண்கள் ஆட்டம் பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் தொழுவின் பின்சுவரில் மண் உதிர்ந்து ஒரு ஓட்டை இருந்தது. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நான் போகிறேன், நான் போகிறேன் என்று முந்திக்கொள்வேன். வந்த மருமகள் பொறுப்பானவள் என்று அத்தை, அதாவது என் மாமியார், ஊரெல்லாம் பெருமை பேசினாள். மாடுகள் குடித்து முடித்து என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன்.

கோட்டைத் தாண்டி ஒரே மூச்சில் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு அவர் எதிர்ப்பக்கம் நுழைவார். மூச்சு அறுவதற்குள் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிடித்துவிட்டால் மூச்சு அறுகிற வரை நாலைந்து பேர் அமுக்கி வைத்திருப்பார்கள். அவர் பாட ஆரம்பித்தால் இங்கே எனக்கு மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ரொம்பக் கொஞ்சம். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஓட்டை வழியாகத்தான். பொம்பளைக்கு ஆட்டத்தில் என்ன பிரியம் என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு ஆடுகிற ஆட்டம் அது. வேர்வையில் வழுக்குகிற உடம்பில் பிடிக்கத் தோதான இடம் ஒன்றுதான் உண்டு: இடுப்பில் கிடக்கிற வெள்ளி அரைஞாண். எல்லாருடைய கையும் அங்கேதான் போகும். அங்கே போன கைதான் ஒடியும்.

அந்த வருஷம் தை மாதம் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு செட்டு எங்கள் பொட்டலுக்கு ஆட வந்தது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. அந்தச் செட்டின் தலைவர் நல்ல உயரம், நல்ல பலம். அவர் பாடி வந்தபோது என் கொழுந்தன் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்தான். நடுவிரல் அவருடைய அரைஞாணுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவர் கோட்டை நோக்கி ஒரு தாவு தாவினார். விரல் அவரோடு இழுபட்டு ஒடிந்தது. கொழுந்தன் போட்ட சத்தத்தில் தொழுவில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

முட்டையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டு அவிழ்த்த அன்று விரல் வளைந்து நின்றுவிட்டது. மடக்கினால் மடங்கவில்லை, நீட்டினால் நீளவில்லை. கலப்பையின் மேழியைப் பிடித்துப் பார்த்தான். அந்த ஒரு விரல் பிடியில் சேராமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

மாமனார் அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதை மாற்ற மாட்டார். செட்டுப் பையன்கள் எல்லாரையும் முற்றத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது கலப்பை பிடிக்கிற கை. இத ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கான். விளையாட்டுதானேன்னு இத்தன நாளு நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். இனி ஒருத்தன், எவன் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி, கைய கால ஒடிச்சுக்கிட்டு வந்தான்னா, மறுநாள் விடிய அந்தப் பொட்டல்ல ஏர் பூட்டிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

பையன்கள் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், அங்கே வந்து தங்குகிற மிராசுதார் ஒருவர் வருஷந்தோறும் சடுகுடு நடத்துவார். ஜெயித்த செட்டில் ஆளுக்கு ஒரு வேட்டி, தலைவருக்கு ஒரு வெள்ளிக் கும்பா. மறுபடியும் அதே செங்கோட்டைச் செட்டுதான் எதிரே நிற்கப்போகிறது. யாருக்கும் ஒடியாமல் ஆடித் திரும்புவது எப்படி? ஒடிந்தால் பொட்டல் போச்சு, ஆட்டம் போச்சு, சாயங்காலம் போச்சு. என் ஓட்டையும் போச்சு.

என் வீட்டுக்காரர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் குழம்பை ஊற்றியபடி மெதுவாகச் சொன்னேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. எல்லாருமா அந்த அரைஞாணக் கழத்தி வச்சிட்டு ஆடுனா என்ன?"

அவர் கை அப்படியே நின்றது. "ஏட்டி, நீ என்ன சொல்லுதன்னு தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் இடுப்பில் அரைஞாண் ஏறும். அது இறங்குவது ஒரே ஒரு நாளில்தான். அன்று அவனாகக் கழற்ற மாட்டான், மற்றவர்கள் அறுப்பார்கள். வெள்ளி மாற்றும்போதுகூட புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். ஆனால் விரல் ஒடிகிறதே, அதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்தேன். அதைப் பேசுவதற்குள் அடுக்களையிலிருந்து அத்தை ஓடி வந்துவிட்டாள்.

"எய்யா! தாலி ஏறி வருசம் ஒண்ணு ஆகல, எம் பிள்ள அரைஞாண அறுக்கச் சொல்லுதாளே இந்த மூதி! கேட்டியளா, கேட்டியளா!"

தெருவே கேட்டது. மறுநாள் அரைத்த துவையலை யாரும் வாயில் வைக்க முடியவில்லை என்றால், அன்றைக்கு உப்புப்பானை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் காரணம்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அந்தச் சமயத்தில் பிள்ளை பெற்றிருந்தாள். மூன்றாவது பிள்ளை என்பதால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே. குளிப்பாட்டி வயிற்றுக் கட்டு கட்டிவிடுவது என் வேலை. பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து மடித்து ஒரு நுனியை நான் இழுத்துப் பிடித்துக்கொள்வேன். மறுநுனியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் என்னை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவாள். சுற்றச் சுற்றக் கட்டு இறுகும்.

ஒருநாள் அவள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுக்க மறந்துவிட்டாள். கட்டு அதன்மேல் ஏறிவிட்டது. சாவியை எடுக்க விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. நானும் விட்டுப் பார்த்தேன். என் விரலும் நுழையவில்லை. துணி அவ்வளவு இறுக்கம்.

"அவுத்துக் கட்டு புள்ள" என்றாள் அவள். நான் அவிழ்க்காமல் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி உள்ளேதான் இருக்கிறது, விரல்தான் போகவில்லை. அரைஞாணை யார் கழற்றச் சொன்னார்கள்? மூடினால் போதுமே!

அன்றைக்கே ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து, ஓரம் இரண்டையும் கோணி ஊசியால் தைத்து, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கட்டு செய்தேன். நுனி வெளியே தொங்காமல் உள்ளே செருகிக்கொள்ள ஒரு மடிப்பும் விட்டேன். சாயங்காலம் அவர் பொட்டலுக்குக் கிளம்பும்போது நீட்டினேன். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"பிள்ள பெத்தவ கட்டுதத நான் கட்டவா? பயலுவ சிரிச்சே கொன்னுருவானுவ."

"விரல ஒடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்தா நான்தானே சோறு ஊட்டணும்? எது கேவலம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுற்றினார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று ஓட்டை வழியாக நான் பார்த்ததை எத்தனை தடவை நினைத்தாலும் சந்தோஷம் குறைவதில்லை. பையன்கள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர் பாடிப் போனார். பழக்கத்தில் எல்லார் கையும் இடுப்புக்குத்தான் வந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. கைகள் துணியில் வழுக்கி வழுக்கிப் போயின. ஒருவன் மண்ணைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவர் பாட்டுக்கு நடந்து கோட்டுக்கு வந்து சேர்ந்தார். சிரிப்பு நின்றது. மறுநாள் காலையில் தொழு வாசலில் ஆளுக்கொரு பழைய வேட்டியோடு வரிசையாக நின்றார்கள்.

சும்மா தைத்துக் கொடுக்க நான் என்ன ஏமாளியா? நகம் வெட்டாதவனுக்குக் கட்டு கிடையாது என்றேன். காதில் கடுக்கன் போட்டிருந்தவன் ஆட்டத்துக்கு முன்னால் கழற்றித் தாயாரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கேட்டார்கள். அத்தை இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். அவரவர் அரைஞாண் அதன் இடத்தில் இருக்கிறது என்று நிச்சயமானதும், தன் பெட்டியிலிருந்து மாமனாருடைய நைந்த வேட்டி ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாள். போட்டுவிட்டு, "துவையல்ல உப்பப் பாத்துப் போடு" என்றாள்.

எல்லாருக்கும் தைத்து முடித்து நான் தலைநிமிர்ந்து நின்றபோதுதான் கொழுந்தன் ஒரு கேள்வியைக் கேட்டான். விரல் வளைந்தபின் அவனை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. வேட்டி கிழித்துக் கொடுத்து எனக்குக் கூடமாட உதவி செய்துகொண்டிருந்தான்.

"மதினி, எனக்கு ஒரு சந்தேகம். எவனுக்கு விரல் ஒடிஞ்சுது? பிடிச்சவனுக்கா, பிடிபட்டவனுக்கா?"

"பிடிச்ச உனக்குத்தான்."

"அப்போ நாம கட்டுனா யாரு விரல் தப்பிக்கும்? நம்மளப் பிடிக்க வாரவன் விரலு. நாம பிடிக்கப்போறது அவனுவ அரைஞாணத்தானே? அது அங்கன வெறும் வெள்ளியாத்தானே கிடக்கு?"

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. ராப்பகலாகத் தைத்து எதிராளி விரலைக் காப்பாற்றியிருக்கிறேன்! அத்தனை பேர் கட்டிக்கொண்டு ஆடினார்களே, ஒருவருக்காவது இது தோன்றியதா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியை எடுத்து மறுபடியும் உட்கார்ந்தேன். செங்கோட்டைக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று தைத்தேன்.

"எதிராளிக்குக் கட்டு தச்சுக் கொண்டுபோறவ ஒலகத்துலேயே நீ ஒருத்திதான்ட்டி" என்றார். "அவனுவ கட்டுவானுவன்னு நெனைக்கியா?"

"கொடுத்துப் பாருங்க" என்றேன். எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்துக்கு வண்டி கட்டினோம். குளிக்கிற சாக்கில் அத்தையும் ஓரகத்தியும் நானும் ஒரு வில்வண்டியில் போனோம். ஆண்கள் நடந்து வந்தார்கள். மாமனார் வரவில்லை. வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று மாடுகளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் கையை ஒரு தடவை பார்த்தார்.

அருவியில் பெண்கள் பக்கம் நெரிசல். எண்ணெய் தேய்த்த தலைகளும் சீயக்காய் மணமுமாக ஒரே கூச்சல். அங்கே ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. நல்ல கனத்த சரீரத்தோடு ஒரு அம்மாள் முதுகைக் காட்டினாள். தேய்த்துவிட்டேன். அவளும் எனக்குத் தேய்த்தாள். "கொள்ளாம், நல்ல கையி உனக்கு" என்றாள். நன்றாயிருக்கிறது என்பதற்கு அந்தக் 'கொள்ளாம்' என்ற மலையாளச் சொல்லைப் போட்டதிலேயே செங்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டம் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பை ஒட்டிய பொட்டலில். சாரல் தூறியும் நின்றும் விளையாடிக்கொண்டிருந்தது. தரை நனைந்து கறுத்திருந்தது. பெண்கள் வந்த வண்டிகளைத் தோப்பின் ஓரத்தில் அவிழ்த்து விட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து திரைத்துணியை விலக்கினால் பொட்டல் முழுதும் தெரியும். தொழுவத்து ஓட்டையை விட எவ்வளவோ மேல்.

என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டோடு, கையில் மற்றக் கட்டுகளோடு எதிர்ப்பக்கம் போனார். செங்கோட்டைத் தலைவர் ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"என்ன வே, பேறுகாலம் எப்போ ஆச்சு? பிள்ள ஆம்பளையா பொம்பளையா? மருந்தெல்லாம் தின்னாச்சா?"

பொட்டல் முழுதும் சிரித்தது. குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்த மிராசுதாரும் சிரித்தார். எங்கள் பையன்களில் ஒருவன் கட்டை அவிழ்க்கக் கை வைத்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படித் தலைகுனிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காது இரண்டும் சுட்டது.

பக்கத்து வண்டியிலும் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அருவியில் முதுகு தேய்த்த அதே அம்மாள். ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "எம் மவன் வாயி இருக்கே!" என்று பூரித்துப்போய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைவர் அவள் பெற்ற பிள்ளை!

நான் வண்டியை விட்டு இறங்கினேன். "ஏட்டி, எங்க போற?" என்று அத்தை சேலையைப் பிடித்தாள். உதறினேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கொழுந்தனைக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்து அந்த வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அம்மா, இந்த விரலப் பாருங்க" என்றேன். "மடக்கச் சொல்லுங்க பாப்போம்."

அவள் குனிந்து பார்த்தாள். தன் கையால் அந்த விரலைத் தொட்டு மெல்ல மடக்கினாள். அது மடங்கவில்லை. "ஐயோ, என்னய்யா ஆச்சு?"

"தை மாசம் உங்க மவனப் பிடிச்சான். உங்க மவன் அரைஞாணுல விரல் மாட்டி ஒடிஞ்சுது. இவனுக்கு இனி ஏர் பிடிக்க ஏலாது. இன்னைக்கு இந்த இடத்துல யாரு விரல் போகப்போகுதோ தெரியாது. உங்க மவன் விரலாக்கூட இருக்கலாம். அரைஞாணக் கழத்துங்கன்னு நான் சொல்லல. அது ஆகாதுன்னு எனக்கும் தெரியும். மேல ஒரு துணியச் சுத்துங்கன்னுதான் சொல்லுதேன். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கொழுந்தனுடைய கையை விட்டாள். பிறகு ஈரத்தலையை அள்ளி முடிந்துகொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். அந்தச் சரீரத்துக்கு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. யாரையும் பார்க்காமல் நேராகப் பொட்டலுக்குள் நடந்தாள்.

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. சடுகுடுக் கோட்டை ஒரு பொம்பளை மிதித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் மகனுக்கு முன்னால் போய் நின்று, அவர் கையிலிருந்த கட்டைப் பிடுங்கினாள்.

"ஏலே, நீ பொறந்தப்போ நான் இதத்தான் கட்டிருந்தேன். நீ கிடந்து பெருத்த வயித்துலதான் கட்டிருந்தேன். எனக்கு என்னலே கேவலம் வந்துட்டு? சொல்லு. இங்கன நிக்குத பயலுவ எவனாவது இத கட்டாதவ வயித்துல பொறந்தவன் உண்டா? உண்டுன்னா முன்னால வா. சிரிக்கணும்னா என் மூஞ்சியப் பாத்துச் சிரி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மிராசுதார் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"சுத்துலே" என்றாள்.

அந்தப் பெரிய ஆள், எங்கள் பையன்கள் நாலு பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற ஆள், தாயார் கையில் நுனியைக் கொடுத்துவிட்டு ஊர் பார்க்கச் சுற்றினார். அவள் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தாள். முடிந்ததும் அவளே விரலை விட்டுப் பார்த்தாள்; நுழையவில்லை. "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் அவள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தி, வண்டிப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எத்தனை கட்டு வேண்டுமானாலும் தைப்பேன்.

நான் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். அரைஞாணைப் பிடித்தே பழகியவர்கள் செங்கோட்டைக்காரர்கள். அவர்களுக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை. எங்கள் பையன்களோ மாதக்கணக்காகக் கட்டுக்கு எதிராகவே பிடித்துப் பழகியவர்கள். தொடையைச் சேர்த்துக் கட்டிப் பிடித்தார்கள். கணுக்காலில் விழுந்து பிடித்தார்கள். ஆனாலும் அந்தத் தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறி, அவர்களிலும் வெளியேறி, கடைசியில் எங்கள் பக்கம் என் வீட்டுக்காரரும் இன்னொருவரும், அவர்கள் பக்கம் அந்தத் தலைவரும் மட்டும் நின்றார்கள்.

செங்கோட்டைத் தலைவர் பாடி வந்தார். நனைந்த மண் காலடியில் சிதறியது. கூட இருந்தவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். என் வீட்டுக்காரர் பக்கவாட்டில் பாய்ந்தார். கை நேராக இடுப்புக்குத்தான் போனது; கடைசி நேரத்திலும் பழக்கம் விடவில்லை. துணியில் வழுக்கி இறங்கியது. வெள்ளியாக இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும். வழுக்கி இறங்கின கை இரண்டு தொடையையும் சேர்த்து அணைத்துக்கொண்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் கோட்டை நோக்கி இவரை இழுத்துக்கொண்டே ஊர்ந்தார். பாட்டு மெலிந்தது. கோடு அவர் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"விடாதிய!" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் சத்தம்தான். வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். வெட்கம் என்ற ஒன்று அப்போது என் பக்கத்திலேயே இல்லை.

பாட்டு நின்றது. மூச்சு அறுந்துவிட்டது. பொட்டல் இரைந்தது. எனக்குப் பின்னாலிருந்து காதைப் பிளக்கிற மாதிரி ஒரு குலவை எழுந்தது. திரும்பினால் அத்தை! அரைஞாணை அறுக்கச் சொன்ன மூதி என்று என்னைத் தெருவுக்குக் கேட்கத் திட்டிய அத்தை, எழுந்து நின்று நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடங்கியதும் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தியாட்டி, எம் பிள்ளைய!" என்றாள். நானும் அதைத்தான் அவளிடம் சொல்ல இருந்தேன்.

செங்கோட்டைத் தலைவர் எழுந்து மண்ணைத் தட்டினார். கையை நீட்டி விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு என் கொழுந்தனைத் தேடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கொழுந்தன் கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் கட்டுகள் திரும்பி வரவில்லை. அவர்கள் இடுப்போடு செங்கோட்டைக்குப் போயின. அடுத்த வருஷம் சாரலுக்கு வந்த செட்டுகளில் பாதிப் பேர் இடுப்பில் கட்டு இருந்தது. யாரும் பேறுகாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். மாமனார் வாசலில் நின்றார். வெள்ளிக் கும்பாவை அவர் பார்க்கக்கூட இல்லை. பையன்கள் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னார். விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கையாக மடக்கச் சொல்லி, விரிக்கச் சொல்லிப் பார்த்தார். சிலருக்கு முட்டி சிராய்த்திருந்தது. அதையும் குனிந்து பார்த்தார். "சாப்பிடப் போங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. எனக்கு மறுபடியும் உப்புப்பானை ஞாபகம் வந்தது.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். விடியற்காலையில் சாணி தெளிக்க வாளியோடு தொழுவுக்குப் போனேன். உழவுமாடுகள் இரண்டையும் காணவில்லை. பின்னால் பொட்டலில் அவற்றின் மணிச்சத்தம் கேட்டது. ஓட்டையில் கண்ணை வைத்தேன். மாமனார் ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டக்கோடு இருந்த இடத்தைக் கலப்பை ஏற்கனவே புரட்டிவிட்டிருந்தது. அவர் முன்னால் நின்று நான் பேசியதே கிடையாது. அன்று பேசினேன்.

"மாமா, எல்லார் கையும் நல்லாத்தானே இருந்துது? ஒருத்தனுக்கும் ஒடியலையே? சொன்ன சொல்லு நீங்களே மாறலாமா?"

அவர் மாட்டை நிறுத்தினார். அப்போதுதான் பார்த்தேன்: விதைப்பெட்டி எங்கேயும் இல்லை.

"கைய நீ பாத்துக்கிட்ட" என்றார். "கீழ தரை பாறையாட்டம் கிடக்கு. பயலுவ முட்டியப் பாத்தேல்லா? மண்ணு இளகிக் கிடந்தா விழுந்தாலும் நோவாது. ரெண்டு சால் ஆழமா ஓட்டிப் போடுதேன்."

மாடுகளை அதட்டி மறுபடியும் மேழியை அழுத்தினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து, உழவுசாலில் புரண்டு வந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.